மூணு வருஷம் அஞ்சு ஸ்டார், அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை: எங்க ஆபீஸ் கிளவுட் பேக்கப் சர்வீஸ் பத்தி

மொதல்லயே சொல்லிடுறேன், இந்த சர்வீஸோட பேரை நான் போடப்போறதில்ல. நாங்க பட்ட பாட்டுல பாதி எங்க தப்பு, அதுக்கு அவங்க பேரை மட்டும் சந்தி சிரிக்க வைக்கிறது நியாயமில்ல. அதுபோக சின்ன கம்பெனிகளுக்குன்னு விக்கிற கிளவுட் பேக்கப், டிசாஸ்டர் ரிகவரி சர்வீஸ்ல பெரும்பாலானது இதே அச்சுல வார்த்தது தான், பேரை மாத்திப் படிச்சாலும் முக்கால்வாசி பொருந்தும்.

நாங்க 11 பேர் இருக்கிற ஆபீஸ், மத்தவங்களுக்கு கணக்கு எழுதிக் கொடுக்கிறது தான் தொழில். மூலைல ஒரு சர்வர், அதுல கணக்கு சாஃப்ட்வேரோட டேட்டாபேஸ், வருஷக்கணக்கா சேர்ந்த ஸ்கேன் பண்ண பில்லு, வவுச்சர், எல்லாம் சேர்த்து இப்ப 1.4 டெராபைட். ஐடி ஆள்னு தனியா யாரும் கிடையாது, வாரத்துக்கு ஒரு நாள் ஒரு பையன் வந்து பாத்துட்டுப் போவான், மீதி நாள் நான் தான் கூகுள்ல தேடித் தேடி ஒப்பேத்துவேன். அந்த லெவல்ல இருக்கிறவங்களுக்குத் தான் இந்த ரிவியூ, பெரிய கம்பெனில தனி டீம் வச்சிருக்கிறவங்க படிச்சா சிரிப்பீங்க, பரவால்ல.

வாங்கினப்போ எல்லாம் அருமையா இருந்துச்சு. சர்வர்ல ஏஜென்ட்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் போடணும், அரை மணி நேரத்துல முடிஞ்சது. மொத தடவை முழு டேட்டாவும் மேல ஏறணும், அப்போ 900 ஜிபி, எங்க அப்லோட் ஸ்பீடு 20 எம்பிபிஎஸ், கணக்குப் போட்டா நிக்காம ஓடினாலே 100 மணி நேரம், அதாவது நாலு நாளுக்கு மேல, பகல்ல லைனை முழுசா அதுக்கே குடுத்தா யாரும் வேலை பாக்க முடியாதுன்னு ராத்திரி மட்டும் ஓட விட்டோம், ரெண்டு வாரம் இழுத்துச்சு. அதுக்கப்புறம் மாறின பகுதி மட்டும் தான் போகும், ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிச்சு அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். காலைல ஒரு மெயில் வரும், பச்சை டிக் போட்டு, எல்லாம் வெற்றி, 100%. மூணு வருஷம் டெய்லி அந்தப் பச்சை டிக் வந்துச்சு. அந்த மூணு வருஷத்துல யாராச்சும் கேட்டிருந்தா கண்ண மூடிட்டு அஞ்சு ஸ்டார் குடுத்திருப்பேன்.

இந்த மாதிரி சர்வீஸுக்கு வர்ற ரிவியூ எல்லாம் எடுத்துப் படிச்சுப் பாருங்க, ‘ஈசியா இருக்கு’, ‘போட்டுட்டு மறந்துட்டேன்’னு தான் இருக்கும். எழுதினவங்கள்ல முக்காவாசிப் பேர் ஒரு ஃபைலைக் கூட திரும்ப எடுத்துப் பாத்திருக்க மாட்டாங்க. லைஃப் ஜாக்கெட்டை கட்டில்ல படுத்துட்டுப் போட்டுப் பாத்து ‘ரொம்ப வசதியா இருக்கு’ன்னு சொல்ற மாதிரி. நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன் தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 3.30 மணி. எல்லாருக்கும் ஒரே நேரத்துல சாஃப்ட்வேர் ஹேங் ஆச்சு. போய்ப் பாத்தா சர்வர்ல ரெண்டு சிவப்பு லைட். எங்க சர்வர்ல நாலு டிஸ்க், ரெய்ட் 5ல போட்டது, அது ஒரு டிஸ்க் போனாத் தாங்கும், ரெண்டாவது போனா எல்லாம் போச்சு. மொத டிஸ்க் எப்ப போச்சுன்னே யாருக்கும் தெரியல, சர்வர் இருக்கிறது பேப்பர் கட்டுக்குப் பின்னாடி, அந்தச் சிவப்பு லைட் எத்தன மாசமா எரிஞ்சிட்டு இருந்துச்சோ. ஐடி பையனுக்கு போன் போட்டு போட்டோ அனுப்பினேன், “சார், ரெண்டு போயிடுச்சு சார், பேக்கப் இருக்குல்ல?”ன்னு கேட்டான். இருக்குடான்னு தெம்பா சொன்னேன். அந்தத் தெம்பு அரை மணி நேரம் கூட தாங்கல.

மொத அடி, போர்ட்டல் பாஸ்வேர்ட். அது ஒரு எக்ஸெல் ஷீட்ல இருந்துச்சு. அந்த எக்ஸெல் ஷீட் எங்க இருந்துச்சுன்னு நீங்களே ஊகிச்சிருப்பீங்க. சரி, ரீசெட் பண்ணலாம்னா ஓடிபி போறது வேலையை விட்டுப் போன ஒரு பொண்ணோட போனுக்கு. அந்தப் பொண்ணு நல்ல மனசு, ரெண்டாவது ரிங்ல எடுத்து கோட் சொல்லிடுச்சு, இல்லன்னா அன்னிக்கி சர்வீஸ்காரங்ககிட்ட நான் தான் நான்னு நிரூபிக்கிறதுலயே ரெண்டு நாள் போயிருக்கும். இதுல அவங்க தப்பு எதுவும் இல்ல, மார்க் குறைக்க மாட்டேன்.

அதே மாதிரி என்கிரிப்ஷன் கீ. இவங்க சர்வீஸ்ல டேட்டா நம்ம இடத்துலயே பூட்டப்பட்டுத் தான் மேல போகும், சாவி அவங்ககிட்ட இருக்காது. தொலைச்சா அவங்களாலயும் திறக்க முடியாது, அம்புட்டுத் தான். வாங்கும்போது ‘இதை பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க’ன்னு பெருசா ஒரு பேஜ் காட்டி, எடுத்தேன்னு டிக் பண்ணாத்தான் அடுத்த ஸ்டெப்புக்கே விட்டாங்க. அன்னிக்கி எரிச்சலா இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை அந்தப் பேப்பர் டிராயர் அடில, பழைய வாரன்டி கார்டுங்களோட கெடந்ததப் பாத்தப்ப கும்பிடத் தோணுச்சு. இந்த ஒரு விஷயத்துக்கு அவங்களுக்கு முழு மார்க்.

இப்ப மெயின் விஷயம், டிசாஸ்டர் ரிகவரி. வெறும் பேக்கப்புக்கும் இதுக்கும் வித்தியாசம் என்னன்னா, பேக்கப்னா ஃபைல் எங்கயோ பத்திரமா இருக்கும், நாம ஒரு புது மெஷின் வாங்கி எல்லாத்தையும் எறக்கி வேலையை ஆரம்பிக்கணும். டிஆர்னா நம்ம சர்வரோட முழு பிம்பத்தையும் அவங்க வச்சிருந்து, நம்மளது செத்துட்டா அவங்க கிளவுட்லயே அத ஒரு விர்ச்சுவல் மெஷினா எழுப்பி விடுவாங்க, நாம அதுல போய் வேலை பாக்கலாம். பிளான் எடுக்கும்போது ரெண்டு எழுத்துக்கூட்டம் காட்டுவாங்க, ஆர்பிஓ, ஆர்டிஓ. ஆர்பிஓன்னா எவ்வளவு நேரத்து வேலையை இழக்கத் தயாரா இருக்கீங்க, ஆர்டிஓன்னா எவ்வளவு நேரம் கடையை மூடி வைக்கத் தயாரா இருக்கீங்க. விக்கும்போது இதை அவங்க நமக்குத் தர்ற வாக்குறுதி மாதிரி பேசுவாங்க, உண்மைல இது நாம உக்காந்து முடிவு பண்ணவேண்டிய நம்பர், அதுக்கேத்த மாதிரி தான் செட்டிங்கும் பில்லும் மாறும்.

நான் எதையும் முடிவு பண்ணல, டிஃபால்ட்ல விட்டுட்டேன், ராத்திரிக்கு ஒரு தடவை. சர்வர் செத்தது சாயங்காலம் 3.30, கடைசி பேக்கப் முந்தின ராத்திரி 11 மணி, ஆக செவ்வாய்க்கிழமை 11 பேர் தட்டினது அத்தனையும் காணோம். எங்க சீனியர் அக்கவுண்டன்ட் அம்மா ஒருத்தங்க இருக்காங்க, விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, “காலைலருந்து போட்டதெல்லாமா தம்பி?”ன்னு கேட்டாங்க பாருங்க, அந்தக் கேள்விக்கு இன்னும் என்கிட்ட பதில் இல்ல. இத்தனைக்கும் அதே பிளான்ல மணிக்கு ஒரு தடவை வைக்கிற வசதி இருந்துச்சு, மெனுவுல மூணு கிளிக் தள்ளி.

ஒரு ஆறுதல், இது பெரிய ஆளுங்களுக்கும் நடக்கிறது தான். 2017 ஜனவரி 31 அன்னிக்கி கிட்லேப்னு புரோகிராம் கோடு சேமிச்சு வைக்கிற ஒரு கம்பெனில ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சிட்டாரு. அஞ்சு விதமா பேக்கப் வச்சிருந்தாங்க, ஒண்ணும் ஒழுங்கா கை குடுக்கல. தெனமும் எடுக்கவேண்டிய டேட்டாபேஸ் பேக்கப் வெர்ஷன் ஒத்துவராம ஃபெயிலாகிட்டே இருந்திருக்கு, ஃபெயில்னு சொல்ற மெயிலும் யாருக்கும் போய்ச் சேரல. யாரோ வேற வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி கையால எடுத்து வச்சிருந்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து காப்பி தான் காப்பாத்துச்சு. ஆறு மணி நேர டேட்டா போச்சு. இதை அத்தனையும் மூடி மறைக்காம அவங்களே வெளில எழுதினாங்க, அதுக்கு ஒரு சல்யூட்.

சரி, எங்க மெஷின் எழும்பின கதைக்கு வர்றேன். விளம்பரத்துல 15 நிமிஷம்னு போட்டிருந்தாங்க. பட்டனை அமுக்கினேன், 40 நிமிஷத்துல விண்டோஸ் லாகின் ஸ்கிரீன் பிரவுசர்ல தெரிஞ்சுது. நியாயமா பேசினா அது மோசமில்ல, பாத்ததும் எனக்குக் கை தட்டணும் போல இருந்துச்சு. ஆனா அங்கருந்து 11 பேரும் அதுல உக்காந்து வேலை பாக்கிற வரைக்கும் இருக்கிற தூரம் இருக்கே, அத எந்த விளம்பரத்துலயும் போடுறதில்ல. மெஷின் இருக்கிறது அவங்க நெட்வொர்க்ல, எங்க கம்ப்யூட்டர் எல்லாம் தேடுறது பழைய ஐபி அட்ரஸை. விபிஎன் போடணும், அதாவது அவங்க நெட்வொர்க்குக்கு ஒரு தனி பாதை, ஒவ்வொரு மெஷின்லயும். அதுக்கான கைடு அவங்க சைட்ல இருக்கு, இருக்கிற ஸ்கிரீன்ஷாட் பழைய வெர்ஷனோடது, அதுல காட்டின பட்டனே இப்ப இல்ல. அதைத் தாண்டி கணக்கு சாஃப்ட்வேரைத் திறந்தா லைசென்ஸ் இல்லங்குது. ஏன்னா லைசென்ஸ் சர்வருக்குப் பின்னாடி சொருகியிருக்கிற யுஎஸ்பி டாங்கிள்ல இருக்கு, கிளவுட்ல எங்கய்யா சொருகுறது? சாஃப்ட்வேர்காரங்க மறுநாள் மதியம் தான் தற்காலிகமா ஒரு லைசென்ஸ் குடுத்தாங்க. மொத எண்ட்ரி போட்டது புதன்கிழமை சாயங்காலம் 5.30க்கு. 26 மணி நேரம். 15 நிமிஷம்ங்கிறது மெஷின் எழும்புற நேரம், ஆபீஸ் எழும்புற நேரம் வேற.

சப்போர்ட் பத்தி. மொத ரெண்டு மணி நேரம் ஒரு சாட்பாட், ‘உங்கள் ஏஜென்ட்டை ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?’ன்னு. அடேய், ரீஸ்டார்ட் பண்ண சர்வரே இல்லடா. டிக்கெட்ல ‘தொழில் நின்னுடுச்சு’ங்கிற ஆப்ஷனைத் தேடிப் பிடிச்சுப் போட்டப்புறம் தான் ஒரு மனுஷன் வந்தாரு, ஆனா வந்தவரு தங்கம், ராத்திரி 1 மணி வரைக்கும் ஸ்கிரீன் ஷேர் பண்ணி விபிஎன் போட்டுக் குடுத்தாரு, ஷிப்ட் முடிஞ்சும் போகல. அந்த ஆளை சாட்பாட்டுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கிறது தான் கம்பெனியோட குத்தம். நீங்க சைன் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை ராத்திரி 9 மணிக்கு அவங்க அவசர நம்பருக்குப் போன் போட்டுப் பாருங்க, யார் எடுக்கிறாங்க, எடுக்கிறாங்களான்னு.

வியாழக்கிழமை இன்னொண்ணு தெரிஞ்சுது, இது தான் உண்மைல வலிச்சது. ஸ்கேன் ஃபோல்டர்ல கடைசி எட்டு மாசம் இல்ல. என்னன்னு தோண்டினா, எட்டு மாசம் முன்னாடி இடம் பத்தலன்னு ஒரு டிஸ்க் எக்ஸ்ட்ரா போட்டு ஈ டிரைவ்னு வச்சோம், அத பேக்கப் லிஸ்ட்ல யாரும் சேர்க்கல. ஆன் பண்ணப்ப சி, டி ரெண்டும் டிக் ஆகியிருந்துச்சு, ஏஜென்ட் அந்த ரெண்டை மட்டும் ஒழுங்கா எடுத்துட்டு 100% வெற்றின்னு மெயில் போட்டுட்டே இருந்திருக்கு. பொய் சொல்லல, கேட்டதுல 100%. ஆனா ஒரு புது டிரைவ் வந்திருக்கு, இதுல ஒண்ணும் பேக்கப் ஆகலன்னு ஒரு வரி சேர்த்துச் சொல்ல அந்த மெயில்ல இடமா இல்ல? சாஃப்ட்வேருக்கு டிரைவ் தெரியுது, செட்டிங்ல காட்டுது, டிக் மட்டும் காலியா. இதுக்கு ரெண்டு ஸ்டார் வெட்டுறேன், சமாதானமே கிடையாது. ஈ டிரைவ் டிஸ்க் தனியா இருந்ததால பொழச்சிருக்குமோன்னு பாத்தோம், அதையும் அந்த ரெய்ட் கூட்டத்துலயே ஒட்டி வச்சிருந்தான் பையன். கஸ்டமர்கிட்ட ஒவ்வொருத்தரா கேட்டு பேப்பர் வாங்கி திரும்ப ஸ்கேன் பண்ண ரெண்டு மாசம் ஆச்சு.

திரும்பி வர்ற பயணமும் இருக்கு, அத யாரும் யோசிக்கிறதில்ல. புது சர்வர் வந்தப்புறம் கிளவுட்ல இருக்கிற 1.4 டிபியைக் கீழ எறக்கணும். 100 எம்பிபிஎஸ் லைன்ல கணக்குப்படி 31 மணி நேரம், எங்களுக்கு ஆனது மூணு நாள். டிஸ்க்ல காப்பி பண்ணி அனுப்புற வசதியும் இருக்கு, ஆனா அதுக்கு அஞ்சு வேலை நாள் கேட்டாங்க. டேட்டாவை உள்ள போடுறது இலவசம், வெளில எடுக்கிறதுக்கு காசு, இதுக்கு ஈக்ரெஸ் சார்ஜ்னு பேரு. கிளவுட் மெஷின் ஒம்போது நாள் ஓடினதுக்கு மணிக்கணக்குல தனி. அந்த மாச பில்லு வழக்கமா வர்றத விட ஏழு மடங்கு. சைன் பண்ண காகிதத்துல எல்லாம் எழுதித் தான் இருந்துச்சு, படிக்காதது நான். ஆனாலும் வீடு எரியும்போது வாளித் தண்ணிக்கு மீட்டர் ஓடுற மாதிரி ஒரு ஃபீலிங்.

இன்னொரு விஷயம், எங்களுக்கு நடக்கல ஆனா அப்புறம் செட்டிங்க்ஸ் நோண்டும்போது பாத்து வேர்த்துப் போச்சு. எங்க அட்மின் அக்கவுண்ட் ஒண்ணுல நுழைஞ்சா போதும், மூணு வருஷ பேக்கப்பையும் ஒரே கிளிக்ல அழிக்கலாம். டேட்டாவைப் பூட்டிட்டு காசு கேக்கிற ரான்சம்வேர் கும்பல் இப்பல்லாம் மொதல்ல தேடுறதே பேக்கப்பைத் தான். 2014ல கோட் ஸ்பேசஸ்னு ஒரு கம்பெனி, அமேசான் கிளவுட்ல இருந்தாங்க, அவங்க கண்ட்ரோல் பேனலுக்குள்ள ஒருத்தன் புகுந்து காசு கேட்டான், இவங்க விரட்டப் பாத்தாங்க, அவன் மெஷின், டேட்டா, பேக்கப் எல்லாத்துலயும் பெரும்பகுதியை அழிச்சிட்டான், கம்பெனியே மூடிடுச்சு. பேக்கப்பை இத்தன நாளைக்கு யாராலயும், ஓனராலயும் கூட அழிக்க முடியாதுன்னு பூட்டி வைக்கிற வசதி எங்க சர்வீஸ்லயும் இருக்கு, ஆனா வரும்போதே ஆஃப்ல வருது. ஏன்னு கேட்டா ஸ்டோரேஜ் ஜாஸ்தியாகும், கஸ்டமர் கோவப்படுவாங்கன்னு பதில். போய் மொத வேலையா ஆன் பண்ணுங்க, 30 நாளாச்சும்.

விளம்பரத்துல 99.999999999%னு ஒம்போதா அடுக்கியிருப்பாங்க, எண்ணிப் பாருங்க 11 வரும். அமேசானோட எஸ்3ங்கிற ஸ்டோரேஜ் சர்வீஸை இந்த அளவுக்குத் தாங்குற மாதிரி வடிவமைச்சிருக்காங்க, மத்தவங்களும் அதே கணக்கைச் சொல்றாங்க. அது அவங்க டிஸ்க் பழுதானாலும் டேட்டா காணாமப் போகாம இருக்கிறதுக்கான கணக்கு. நாம அழிச்சா, வேற எவனாச்சும் நம்ம பாஸ்வேர்ட்ல நுழைஞ்சு அழிச்சா, அக்கவுண்டே மூடிப்போனா, அந்த ஒம்போதுங்களுக்கும் நமக்கும் சம்பந்தமில்ல. 2024 மே மாசம் ஆஸ்திரேலியால யூனிசூப்பர்னு ஒரு ஓய்வூதிய நிதி நிறுவனத்துக்கு நடந்துச்சே, கூகுள் கிளவுட் பக்கம் நடந்த ஒரு செட்டிங் பிழையால அவங்களோட பிரைவேட் கிளவுடே அழிஞ்சு போச்சு. ரெண்டு வேற வேற இடத்துல வச்சிருந்தாங்க, ரெண்டும் சேர்ந்து போச்சு. வேறொரு கம்பெனிகிட்டயும் பேக்கப் வச்சிருந்தது கை குடுத்துச்சு.

இடம்னு சொன்னதும் ஒண்ணு கேட்டுக்கோங்க, உங்க காப்பி எந்த ஊர் டேட்டா சென்டர்ல இருக்குன்னு. கிளவுட்னா மேகம் இல்ல, எங்கயோ ஒரு கட்டடம், அதுலயும் தீ பிடிக்கும். 2021 மார்ச் 10 அன்னிக்கி பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஹெச்கிளவுட்ங்கிற கிளவுட் கம்பெனியோட ஒரு டேட்டா சென்டர் முழுசா எரிஞ்சு போச்சு, பக்கத்துக் கட்டடத்துலயும் ஒரு பகுதி போச்சு. பேக்கப்பையும் அதே வளாகத்துல வச்சிருந்த கஸ்டமர்ங்களுக்கு ரெண்டும் சேர்ந்து சாம்பல். எங்க சர்வீஸ்ல ரெண்டாவது ஊர்ல காப்பி வைக்கிறது தனி பிளான், கூடுதல் காசு. நான் அத எடுக்காம, ஆபீஸ்லயே ஒரு சின்ன நாஸ் பாக்ஸ் (நெட்வொர்க்ல மாட்டுற டிஸ்க் பெட்டி) வாங்கி அதுல ஒரு காப்பி வச்சேன். மூணு காப்பி, ரெண்டு விதமான ஸ்டோரேஜ்ல, ஒண்ணு ஆபீஸுக்கு வெளிலன்னு 3-2-1 கணக்கு சொல்வாங்கல்ல, அதுக்கும் இப்ப சரியாப் போச்சு, 1.4 டிபியை எறக்க மூணு நாள் தவம் கெடக்கவும் வேண்டாம், பெரிய ஃபைல் எல்லாம் நாஸ்லருந்து சில மணி நேரத்துல வந்துடும்.

கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போதாதான்னு கேக்கிறவங்களுக்கு, அது சிங்க், அதாவது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வச்சிருக்கிறது, இங்க கெட்டுப்போன ஃபைல் அங்கயும் சுத்தமா கெட்டுப்போய்ச் சேரும், பழைய வெர்ஷன் கொஞ்ச நாளைக்குத் தான் இருக்கும். ஓடிக்கிட்டிருக்கிற டேட்டாபேஸுக்கு அது ஆகவே ஆகாது. ரெஸ்டிக் மாதிரி இலவச சாஃப்ட்வேர் வச்சு நீங்களே ஸ்டோரேஜ் வாடகைக்கு எடுத்துப் போட்டா ரொம்ப சிக்கனம், ஆனா செய்யிற ஆள் லீவுல போனா அம்போ. எங்க சைஸுக்கு அது சரிப்படல.

ஆக என் மார்க், அஞ்சுக்கு மூணு. பேக்கப் எடுக்கிறதுல நல்லா இருக்கு, கீ விஷயத்துல ரொம்ப நல்லா, மெஷின் எழுப்புறது பரவால்ல, ராத்திரி 1 மணி வரைக்கும் இருந்த அந்த மனுஷனுக்காக அரை மார்க் கூடப் போட்டுருக்கேன். மெயில்ல பாதி உண்மை சொன்னதுக்கும், கைடு பழசா கெடக்குறதுக்கும், பூட்டு ஆஃப்ல வர்றதுக்கும் வெட்டினது வெட்டினது தான். ஒருத்தரே இருக்கிற தொழிலா இருந்தா இந்த டிஆர் பிளான் வேணாம், நல்ல பேக்கப்பும் ஒரு ஸ்பேர் லேப்டாப்பும் போதும். ஒரு நாள் மூடினா கஸ்டமர் ஓடிடுவாங்கங்கிற ஆபீஸுக்குத் தான் இது.

மாத்தலையான்னு கேட்டா, இல்ல, அதே சர்வீஸ் தான். மணிக்கு ஒரு தடவைன்னு மாத்தியாச்சு, புது டிரைவ் வந்தா தானா சேர்ற செட்டிங் போட்டாச்சு, பாஸ்வேர்டும் கீயும் ரெண்டு பேர் வீட்ல பேப்பர்ல இருக்கு, லைசென்ஸ் டாங்கிள்லருந்து ஆன்லைனுக்கு மாறிடுச்சு. மூணு மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை சர்வரை வேணும்னே ஆஃப் பண்ணிட்டு கிளவுட்ல எழுப்பிப் பாக்கிறோம், வருஷத்துக்கு நாலு டெஸ்ட் பிளான்லயே இலவசம், மூணு வருஷமா அதுவும் எனக்குத் தெரியாது. மொத டெஸ்ட் ஒம்போது மணி நேரம். போன தடவை ரெண்டு மணி பத்து நிமிஷம், எங்க சீனியர் அம்மா தான் ஸ்டாப்வாட்ச். பிரிண்டர் மட்டும் இன்னும் வரல.